ஒரே அட்டையில் இரண்டு பெண்கள்: சென்னையின் பழைய நூலகங்களில் பெயர் தொலைந்தவர்கள்

மயிலை_வாசகி
திங்கள், இரவு 9:40

நண்பர்களே, போன வாரம் நம் நகரத்தின் பழைய நூலகம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு முடிந்ததைச் செய்கிறார்கள்.

கிருபாபாய் சத்தியநாதன் எழுதியதைத் தேடிப் போயிருந்தேன். கணினியில் தட்டினால் ஒன்றும் வரவில்லை. ‘பழைய கேட்லாக் டிராயரைப் பாருங்கம்மா, எல்லாத்தையும் இன்னும் ஏத்தல’ என்றார் கவுண்டரில் இருந்தவர். தேக்குப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி, இழுத்தால் முழ நீளத்துக்கு வெளியே வருகிறது. அட்டைகளின் அடியில் ஓட்டை போட்டு நீளக் கம்பி ஒன்றில் கோத்திருக்கிறார்கள். விரல் படுகிற மேல் விளிம்பு மட்டும் தேய்ந்து டீ நிறத்துக்கு வந்துவிட்டது. சத்தியநாதன் என்ற பெயரில் நின்றேன். ‘சத்தியநாதன், மிஸஸ் எஸ்.’ என்று ஒரே ஒரு அட்டை. அதன் கீழே இரண்டு நூல்கள்.

முதல் நூல் கிருபாபாயுடையது. இரண்டாவது கமலா சத்தியநாதனுடையது. இரண்டு பெண்கள், ஒரே அட்டை.

எப்படி நடந்திருக்கும் என்று நூலகத்து வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். சாமுவேல் சத்தியநாதன் என்ற பேராசிரியருக்கு முதல் மனைவி கிருபாபாய். 1862ல் அகமத்நகரில் மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டராக வேண்டும் என்று 1878ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பை விட்டார். 1883ல் கல்யாணம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் 1887-88ல் ‘சகுணா’ என்ற நாவலைத் தொடராக எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 32 வயதில், 1894ல் இறந்துபோனார். அவருடைய இரண்டாவது நாவலின் பெயர் ‘கமலா’.

நாலு வருஷம் கழித்து சாமுவேல் மறுமணம் செய்த பெண்ணின் பெயரும் கமலா! அவர் 1901ல் சென்னையிலிருந்து இந்தியன் லேடீஸ் மேகசின் என்ற பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். வங்கத்து எழுத்தாளர் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905ல் முதன்முதலாக அச்சானது இந்தப் பத்திரிகையில்தான். ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் நாட்டை ஆளும் அந்தக் கதை உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அதை முதலில் அச்சில் பார்த்த ஊர் சென்னை. நமக்கே தெரியாது.

யாரோ ஒரு குமாஸ்தா, கையில் இருந்த நேரத்தில், ‘மிஸஸ் எஸ்.’ என்று ஒரே ஆளாக்கிவிட்டார். கமலா எழுதிய புத்தகம், ‘கமலா’ என்ற புத்தகம், இரண்டுக்கும் மேலே ஒரே கணவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அட்டையைப் பார்த்ததிலிருந்து சரியாகத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்து சென்னையின் பழைய நூலகங்களில், ஓலைச்சுவடி நிலையங்களில், கோட்டை ஆவணங்களில் இப்படிப் பெயர் தொலைந்த பெண்கள் இருந்தால் எழுதுங்கள். சேர்த்து வைப்போம்.


பாரிமுனைக்காரன்
திங்கள், இரவு 10:25

நல்ல இழை அக்கா. நான் ரொம்பப் பழைய காலத்துக்குப் போகிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1718ல் எலிஹு யேல் அனுப்பிய 9 மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கை விற்ற காசு 562 பவுண்டு. ஒரு கல்லூரி நூலகம் அதில் வளர்ந்தது. யேல் அந்தச் செல்வத்தைச் சேர்த்தது நம் புனித ஜார்ஜ் கோட்டையில்.

அவர் மனைவி கேதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680 அக்டோபர் 28ல் திறக்கப்பட்டது. ஒரு வாரத்தில், நவம்பர் 4ல், அங்கே நடந்த முதல் கல்யாணமே இவர்களுடையது. கேதரின் அப்போது ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் கைம்பெண். முதல் கணவர் விட்டுப்போன சொத்தோடுதான் யேலை மணந்தார். இவர்களுடைய மகன் டேவிட் நாலு வயது ஆவதற்குள் இறந்துபோனான். அவனை ஹின்மர்ஸ் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஹைகோர்ட்டை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூரான தூண் ஒன்று நிற்குமே, அதுதான். முதல் கணவரும் இரண்டாம் கணவரின் பிள்ளையும் ஒரே இடத்தில். இருவருக்கும் உறவான ஒரே ஆள் அந்தப் பெண். அங்கே அவர் பெயரைச் சொல்வார் யாரும் இல்லை.

இருபது வருஷம் அந்தப் பக்கமாக நடந்து வேலைக்குப் போனவன் நான். அந்தத் தூண் யாருடையது என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை.


வியாசர்பாடி_வாசகர்
திங்கள், இரவு 11:10

தோழர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

யேல் ஆளுநராக இருந்த காலத்தில் இந்தக் கோட்டையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பலில் போன பெண்களுக்கு எந்த அட்டை இருக்கிறது? கவர்னர் மனைவி ‘மறக்கப்பட்டவர்’ என்றால் அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

சரி, அச்சில் இருப்பவர்களையே எடுத்துக்கொள்வோம். மீனாம்பாள் சிவராஜ். 1904ல் ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். 1928ல் ஊரே சைமன் கமிஷனைத் திரும்பிப் போ என்றபோது, எங்கள் மக்களுக்கு இது வேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். எங்கள் பக்கத்தில் அன்னை மீனாம்பாள் என்றால் கை கூப்புவார்கள். நூலகத்தில் போய்த் தேடுங்கள். கணவர் என். சிவராஜ் 1945ல் சென்னை மேயர், அதனால் அவர் கிடைப்பார். அவருக்கான ஒரு பக்கத்தில் மனைவியாக ஒரு வரி வரும்.

‘தமிழ்மாது’ என்ற பத்திரிகையை நடத்திய சொப்பனேஸ்வரி அம்மாளைப் பற்றி யாராவது இங்கே எழுதுவீர்களா? அயோத்திதாசர் 1907ல் ராயப்பேட்டையிலிருந்து தமிழன் பத்திரிகையைத் தொடங்கிய காலத்துப் பெண்மணி. அந்த மாதிரிச் சிறு பத்திரிகைகளை எந்த நூலகமும் அன்று காசு கொடுத்து வாங்கவில்லை. வாங்காத ஒன்று அட்டையில் எப்படி வரும்? அட்டையில் இரண்டு பேர் கலந்துபோனார்கள் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எங்கள் பாட்டிகளுக்கு டிராயரே கிடையாது.

வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று வியாசர்பாடியிலும்தான் வாங்குகிறார்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.


மயிலை_வாசகி
திங்கள், இரவு 11:52

தோழர், நீங்கள் கேட்டது சரி. நான் டிராயருக்குள் மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். மீனாம்பாள் அம்மையார், சொப்பனேஸ்வரி அம்மாள் இருவரையும் குறித்துக்கொண்டேன். தெரிந்ததை இன்னும் எழுதுங்கள்.


ஓலைக்கட்டு
செவ்வாய், காலை 7:15

பல வருஷம் சுவடிகளோடு பழகியவன். எனக்குத் தெரிந்த கதை ஒன்று. பாதித் தெலுங்குக் கதை, ஆனால் நடந்தது சென்னையில்.

முத்துப்பழனி தஞ்சாவூரில் பிரதாபசிம்மன் அவையில் இருந்த கணிகை, 18ஆம் நூற்றாண்டு. ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தைத் தெலுங்கில் எழுதினார். ராதையின் கோபமும் ஆசையும்தான் அதன் பொருள். தெலுங்கு அகராதி செய்த ஆங்கிலேயர் சி. பி. பிரவுனிடம் வேலை பார்த்த வெங்கடநரசு என்ற பண்டிதர் 1887ல் அதை அச்சிட்டார். அதில் ஒரு காரியம் செய்தார்கள். நூலின் முகப்பிலும் முடிவிலும் கவிஞர் தன் குலத்தையும் தன் பாட்டியையும் சொல்லிப் பாடிய பகுதி உண்டு. அதை விட்டுவிட்டார்கள். சில பாடல்களையும் எடுத்துவிட்டார்கள். பாட்டு இருந்தது, பாடியவள் யார் என்பது போயிற்று.

பெங்களூர் நாகரத்தினம்மாளை நமக்குத் திருவையாற்றுத் தியாகராஜர் சமாதியை எழுப்பியவராகத் தெரியும். அவர் சென்னையில் குடியிருந்து பாடிப் பெயரெடுத்தவர். இந்த அச்சுப் பிரதியைப் படித்தார். ஏதோ குறைகிறது என்று பட்டிருக்கிறது. தேடி மூலச் சுவடியை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு கையில் அச்சுப் புத்தகம், இன்னொரு கையில் ஓலை, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து. அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும், கண் எப்படி எரியும், முதுகு எப்படி விட்டுப்போகும் என்று. பண்டிதர்கள் செய்தால் பதிப்பாசிரியர் என்போம். அவர் செய்ததும் அதே வேலைதான்.

1910ல் சென்னையில் வாவிள்ள ராமசுவாமி சாஸ்த்ருலு பதிப்பகம் வழியாக முழு நூலையும் கொண்டுவந்தார். தன் குலத்துப் பெண் ஒருத்தி எழுதியது என்பதைப் பெருமையோடு சொல்லித்தான் கொண்டுவந்தார். அதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஆபாசம் என்று சொல்லி அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக வந்த பிறகுதான், 1940களின் பிற்பகுதியில், தடை நீங்கியது. ஏறக்குறைய 35 வருஷம்.

இன்றைக்கும் நாகரத்தினம்மாள் என்றால் பாட்டு, பக்தி, சமாதி. பதிப்பாசிரியர் நாகரத்தினம்மாள் என்று ஒரு கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. உ.வே.சா.வைத் தாத்தா என்கிறோம், தகும். ஓலை தேடி அலைந்து, பாடபேதம் பார்த்து, அதற்காக அடி வாங்கிய இந்தப் பெண்மணியை அந்த வரிசையில் ஏன் வைப்பதில்லை?


அடையாறு_மாலை
செவ்வாய், காலை 9:30

உ.வே.சா. பெயர் வந்ததால் சொல்கிறேன். பெசன்ட் நகரில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறதே, அதை 1943ல் நிறுவியவர் ருக்மிணி தேவி. ஐயர் 1942ல் காலமானார். வீட்டில் இருந்த சுவடிகள், அச்சுப் புத்தகங்கள், கைக்குறிப்புகள் என்ன ஆகுமோ என்ற நிலை. மகன் கல்யாணசுந்தரமையர் அவற்றை ருக்மிணி தேவியிடம் ஒப்படைத்தார். முதலில் அடையாற்றுத் தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் வைத்திருந்து, பிறகு இப்போதைய இடத்துக்கு வந்தது. சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேசும் எத்தனையோ பேர் அந்தப் படியேறியிருக்கிறார்கள். நாட்டியக்காரர் என்று மட்டும் நினைத்த ஒருவர்தான் அந்தச் சுவடிகளுக்குக் கூரை போட்டார்.

அடையாறு நூலகமும் அப்படித்தான். 1886 டிசம்பரில் கர்னல் ஆல்காட் திறந்தார் என்று படிக்கிறோம். தியசாபிகல் சொசைட்டியை அவரோடு சேர்ந்து தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார் அதற்கு முந்தைய வருஷமே ஊரை விட்டுப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.


கீழ்ப்பாக்கம்_72
செவ்வாய், காலை 10:05

ருக்மிணி தேவியை மறக்கப்பட்டவர் என்று சொல்வது அதிகம். தபால் தலை வரைக்கும் வந்தவர். பட்டியலை இப்படி நீட்டினால் இழைக்கு அர்த்தம் போய்விடும்.


அடையாறு_மாலை
செவ்வாய், காலை 10:20

ஆளை யாரும் மறக்கவில்லை, வேலையை மறந்துவிட்டோம். நாகரத்தினம்மாளுக்கு ஓலைக்கட்டு ஐயா சொன்னதும் இதுதானே சார்.


பணிஓய்வு_நூலகர்
செவ்வாய், மாலை 4:50

முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். மயிலை வாசகி எழுதிய அந்த டிராயரை என் கை அறியும். எந்த ஊர் டிராயரானாலும் அதே கம்பி, அதே வாசனை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் அந்த அட்டை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன்.

புத்தகம் வந்ததும் முதலில் அக்சஷன் ரெஜிஸ்டரில் ஏறும். தேதி, எண், ஆசிரியர், தலைப்பு, வாங்கியதா, அன்பளிப்பா, யார் கொடுத்தது. பிறகுதான் அட்டை. ஆசிரியர் பெயரை மனம்போன போக்கில் எழுதக் கூடாது, தலைப்புப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி எடுக்க வேண்டும் என்பது பாலபாடம். அந்தக் காலத்துத் தலைப்புப் பக்கத்திலேயே ‘மிஸஸ் இன்னார்’ என்று இருந்தால் அட்டையும் அப்படித்தான் வரும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்தால் பிறந்த வருஷத்தைப் போட்டுப் பிரிக்க வேண்டும். ஆணுக்கு அந்த வருஷம் ஏதாவது ஒரு புத்தகத்தில் கிடைத்துவிடும். பெண்ணுக்குத் தேட வேண்டும். மேஜையில் இருநூறு புத்தகம் காத்திருக்கும்போது யார் தேடுவார்கள்?

நம் ஊர் இன்னொரு சிக்கல் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் கணவர் எழுத்து. முன்னே எழுதியதும் பின்னே எழுதியதும் ஒரே பெண்தான், அட்டையில் இரண்டு பேர். மயிலை வாசகி பார்த்தது இரண்டு பேர் ஒருவரானது. நான் அதிகம் பார்த்தது ஒருத்தி இரண்டு பேரானது. இரண்டும் நஷ்டம்தான்.

ரங்கநாதன் ஐயா 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து, 1931ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதி, எங்கள் தொழிலுக்கே முகம் கொடுத்தவர். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்று அவர் வழியில் வந்த நாங்கள் மந்திரம் மாதிரிச் சொல்வோம். பின்னாளில் தன் சேமிப்பு ஒரு லட்சத்தையும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை மனைவி சாரதாவின் பெயரில் வைத்தார். நாங்கள் படித்த காலத்தில் ‘சாரதா ரங்கநாதன்’ என்று பலகையில் பார்ப்போம். அந்த அம்மா யார் என்று ஒரு வகுப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் மனதை அழுத்துகிற ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். நூலகம் எது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், ஒன்பது கஜம் கட்டி, ரிக்ஷாவில் மூன்று டிரங்குப் பெட்டிகளோடு வந்தார். கணவர் வக்கீல், காலமாகிவிட்டார், அவருடைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்க வந்திருக்கிறார். எல்லாம் சட்டப் புத்தகம், தோல் அட்டை. மேலதிகாரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு பழைய புடவைத் துணியில் சுற்றிய கட்டு. பிரித்தால், ஜகன்மோகினி இதழ்கள். வருஷவாரியாக அடுக்கி, கோணி ஊசியால் அவரே தைத்து, அரிசிக் கஞ்சிப் பசையில் காக்கி அட்டை ஒட்டியிருந்தார். முதுகில் மையால் வருஷம். கூட இரண்டு நோட்டு. ஒன்றில் தாலாட்டும் நலங்குப் பாட்டும். இன்னொன்றில் அவர் படித்த கதைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. ‘இந்த முடிவு சரியில்லை’ என்று ஒரு கதைக்கு எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

‘வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகை எல்லாம் எடுத்துக்க மாட்டோம், நோட்டும் எடுக்க முடியாது’ என்று சொல்லி அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்தது என் கை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியை மறுபடி ஒழுங்காகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார். ரெஜிஸ்டரில் எழுதியது, ‘அன்பளிப்பு: காலஞ்சென்ற வக்கீல் இன்னார் குடும்பத்தார்’. கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் இல்லை.

வியாசர்பாடித் தோழர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாங்காத ஒன்று அட்டையில் வராது. வந்ததைத் திருப்பியும் அனுப்பினோம்.


திருவல்லிக்கேணி_பேத்தி
செவ்வாய், இரவு 8:30

அம்மா, படித்துவிட்டு அழுதேன். எங்கள் பாட்டியும் ஜகன்மோகினி படித்தவர்.

அந்தப் பத்திரிகையை 1925ல் எடுத்து நடத்தியவர் எங்கள் திருவல்லிக்கேணியின் வை.மு. கோதைநாயகி. ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது. கதை சொல்ல வரும், எழுத வராது. ‘இந்திரமோகனா’ என்ற முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அது 1924ல் புத்தகமாக வந்தது. பிறகு கோதைநாயகியே எழுதப் பழகி 115 நாவல் எழுதினார். 1932ல் மறியலில் சிறைக்கும் போனார்.

என்னால் விட முடியாத ஆள் பட்டம்மாள்தான். சமையல் முடிந்த மத்தியானம், இரண்டு பெண்கள், ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி எழுதுகிறாள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் 115ம் இல்லை. எந்த அட்டையில் பட்டம்மாள் வருவார்?

இன்னொன்று. எங்கள் பேட்டையில் முகமதன் பொது நூலகம் இருக்கிறது, 1850ல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது. அடுத்த வருஷம் எழும்பூர் மியூசியம் உருவானபோது அதன் முதல் பொறுப்பாளரும் அவரே. மியூசியத்துக்குள் இருந்த சின்ன நூலகம்தான் வளர்ந்து 1896ல் கன்னிமாராவாகத் திறந்தது. அதே பால்ஃபர் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தபோதுதான் 1875ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி கதவு திறந்தது. கிருபாபாய் மூன்று வருஷம் கழித்து நுழைந்ததும் அதே கதவு. ஷார்லீப் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரியில்தான் நான் பிறந்தேன். இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. எங்களுக்கு இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.


பணிஓய்வு_நூலகர்
செவ்வாய், இரவு 8:55

பேத்திக்கு ஒரு தகவல். வை.மு. என்றால் வைத்தமாநிதி முடும்பை, குடும்பப் பெயர். ஒரு நூலகத்தில் ‘வை’யில் இருப்பார், இன்னொன்றில் ‘கோ’வில் இருப்பார். இரண்டிலும் தேடுங்கள்.


பல்லாவரம்_தம்பி
புதன், காலை 6:40

கன்னிமாரா மாடியில் மறைமலையடிகள் நூலகம் இருக்கிறது. முதலில் 1958ல் லிங்கிச் செட்டித் தெருவில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளை தொடங்கியது. 2008ல் எழும்பூருக்கு வந்தது. அடிகள் எங்கள் பல்லாவரத்து வீட்டில் சேர்த்து வைத்த நூல்கள்தான் அதன் வித்து.

தனித்தமிழ் என்றால் அடிகளும் மகள் நீலாம்பிகையும் 1916ல் தோட்டத்தில் வள்ளலார் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது ‘தேகம்’ என்ற வடசொல்லில் நின்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன செய்தார் என்பதை விட்டுவிடுவார்கள். வடசொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடி அகரவரிசை ஒன்றைத் தொகுத்து 1937ல் வெளியிட்டார். அப்பா கொள்கை சொன்னார், அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஒரு கருவி வேண்டும் அல்லவா, அந்தக் கருவியைச் செய்தவர் மகள். 1938 நவம்பர் 13 சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வை இனிப் ‘பெரியார்’ என்றே அழைப்பது என்று தீர்மானம் போட்டார்களே, அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். 1945ல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அடிகளுக்கு முன்னாலேயே.

நூலகம் அப்பா பெயரில். இருக்கட்டும். உள்ளே அகராதிகள் வரிசையில் அவர் பெயரோடு ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாம் என்று என் ஆசை.


வியாசர்பாடி_வாசகர்
புதன், காலை 8:15

நூலகர் அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றிங்க அம்மா. நேற்று நான் சூடாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ஆயா வீட்டில் பழைய மாநாட்டு நோட்டீஸும் அழைப்பிதழும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். மீனாம்பாள் அம்மா பெயர் போட்டது இருக்கிறது என்கிறார். இதை எங்கே கொடுத்தால் திருப்பி அனுப்பாமல் வாங்குவார்கள்?


பணிஓய்வு_நூலகர்
புதன், காலை 9:00

தம்பி, ஒரிஜினலை உடனே யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் போனில் அல்ல, ஸ்கேனரில் வைத்துப் படம் எடுங்கள், இரண்டு பக்கமும். மடிப்பை இழுத்துப் பிரிக்க வேண்டாம். டின்னில் துருப் பிடித்திருக்கும், வேறு அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் நோட்டீஸ், நாடக விளம்பரம், சின்னப் பத்திரிகை என்று யாரும் சீண்டாததையெல்லாம் சேர்த்து வைத்ததால் 1994ல் உருவான நூலகம் அது. இந்தக் காகிதத்தின் மதிப்பு அங்கே தெரியும். கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள், ஆயாவின் பெயரைப் போடச் சொல்லுங்கள். ‘குடும்பத்தார்’ என்று எழுத விடாதீர்கள். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.

மயிலை வாசகிக்கு: அந்த நூலகத்துக்குப் போய்ப் புகாராகச் சொல்லாதீர்கள். ‘காண்க’ அட்டை, அதாவது சரியான பெயருக்குக் கைகாட்டும் அட்டை ஒன்று போட வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய அட்டையைக் கிழிக்க வேண்டாம், அதற்குப் பின்னால் புதிதாக இரண்டு அட்டை, பழையதில் ‘காண்க’. பிறந்த வருஷம், இறந்த வருஷம், ஆதாரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாளோடு போனால் எந்த நூலகரும் மறுக்க மாட்டார்.


மயிலை_வாசகி
சனி, மாலை 6:20

இன்று போயிருந்தேன் அம்மா. நீங்கள் சொன்ன மாதிரியே தாளோடு.

கவுண்டரில் இருந்தவர் முழுவதையும் படித்தார். உள்ளே போய் ஐந்து வெற்று அட்டைகள் கொண்டுவந்தார். ‘எங்ககிட்ட இருந்த டைப்ரைட்டர் போயிடுச்சு, உங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்’ என்றார். முதல் அட்டையில் கை நடுங்கி மை இழுத்துவிட்டது. இரண்டாவதில் சரியாக வந்தது. கம்பியின் திருகைக் கழற்றி, அட்டைகளை நகர்த்தி, அவரே இடத்தில் கோத்தார். கணினியிலும் திங்கட்கிழமை ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய அட்டையின் கீழே இப்போது இப்படி இருக்கிறது:

காண்க: சத்தியநாதன், கிருபாபாய் (1862–1894)
காண்க: சத்தியநாதன், கமலா

கமலாவின் வருஷம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். மீதி மூன்று வெற்று அட்டைகளை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். ஒன்றில் பென்சிலால் ‘பட்டம்மாள்’ என்று எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். திருவல்லிக்கேணிப் பேத்தி, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியுமா?